வெள்ளளத்தில் வழி கேட்டவர்

பயணக் கட்டுரை எழுதுகிற வைத்திலிங்கம் வெள்ளளம் என்கிற உப்பளத்து ஊரின் லாட்ஜ் அறையில் விடிவதற்குச் சற்று முன்னால் நெஞ்சடைத்து இறந்துபோனார்; காபி கொண்டுபோன மேனேஜர் சவரிமுத்து பார்த்துப் பதறி, அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவைக் கூட்டிவந்து, அவரும் நாடி பிடித்து, இமையை விலக்கிப் பார்த்து, இறந்துவிட்டார் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போன பிறகு, வெயில் ஏறிய நேரத்தில் வைத்திலிங்கம் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் தொங்கவிட்டு, மாடிப்படி இறங்கி வந்து, உப்பளத்துக்கு எப்படிங்க போகணும் என்று வழி கேட்டார். கேட்டவருக்கு வழி சொல்வது அந்த ஊர் வழக்கம் என்பதால், நேராகப் போய்த் தண்ணீர் டேங்குக்கு இடப்பக்கம் திரும்பச் சொல்லி அனுப்பிவிட்டு, சவரிமுத்து உள்ளே போய் மாயவரத்துக்குப் போன் போட்டார்.

மாயவரத்தில் வைத்திலிங்கத்தின் மனைவி தையல்நாயகி போனை எடுத்தாள்.

"அம்மா, வெள்ளளத்துலருந்து லாட்ஜ் மேனேஜர் சவரிமுத்து பேசுறேன். மனசத் தேத்திக்கிருங்க. சார் காலம்பற தவறிட்டாக."

தையல்நாயகி உடம்பை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்க வாயெடுத்தாள். உடம்பு என்ற சொல் வரவில்லை.

"ஒண்ணும் அவசரமில்லம்மா," என்றார் சவரிமுத்து. "நடமாடிக்கிட்டுத்தான் இருக்காக. இப்பத்தான் உப்பளத்துப் பக்கம் போறாக. நீங்க ஒருவாய் சாப்பிட்டுட்டு நிதானமா பஸ் ஏறுங்க."

செத்த அன்றைக்கும் அவர் ஓரிடத்தில் இருக்காமல் வெளியே கிளம்பிப் போனதில் தையல்நாயகிக்கு ஆச்சரியப்பட எதுவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் கிளம்பிப் போய்க்கொண்டேதான் இருந்தார். 'தென்திசை' வாரப் பத்திரிகையில் 'கால் போன ஊர்' என்று அவர் எழுதிவந்த தொடருக்காகத் தமிழ்நாட்டில் பஸ் போகிற ஊர்களையெல்லாம் பார்த்து முடித்து, பஸ் போகாத ஊர்களுக்குப் போக ஆரம்பித்து, மெஸ் சாப்பாட்டில் வயிறு புண்ணாகி, லாட்ஜ் தலையணைகளில் கழுத்து கோணி, முடி நரைத்து, கடைசியில் இந்த உப்புக் கடற்கரைக்கு வந்து சேர்ந்திருந்தார். அவருக்கென்று ஒரு முறை இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் தெரிந்த வழியைக்கூடத் தெரியாதது போல யாரிடமாவது கேட்பார்; வழி சொல்ல வாய் திறந்த மனுஷன் உடனே மூடிக்கொள்ள மாட்டான் என்பது அவர் கண்டுபிடித்தது. இந்த ஊரில் என்ன விசேஷம் என்று கேட்கவே மாட்டார். எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், பெண் கொடுப்பதும் எடுப்பதும் எந்த ஊரில், மழை பொய்த்த வருஷம் என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான் கேட்பார். யார் முன்னாலும் எழுதமாட்டார். பேனாவைக் கண்டால் பேசுகிறவருக்குக் குரல் மாறிவிடும் என்பார். எல்லாம் கேட்டு முடித்து அறைக்குத் திரும்பியதும் மனதில் இருப்பதைச் சொல்லிச் சொல்லிப் பதிவு செய்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். முன்பு கேசட்டில், பிறகு போனில்.

அதைக் கேட்டு டைப் அடித்துப் பத்திரிகைக்கு அனுப்பியவள் தையல்நாயகி. அவர் குரலுக்குப் பின்னால் கேட்கும் பஸ் ஹாரனிலும், ஒலிபெருக்கியிலும், தவளைச் சத்தத்திலும் அவள் எல்லா ஊர்களையும் பார்த்திருந்தாள். ஓர் ஊருக்கும் போனதில்லை. "பொண்டாட்டியோட வர்றவன்கிட்ட ஊர் பேசாது, நாயகி," என்பார். எங்கோ ஒரு மலையடிவாரத்தில் கள்ளிப்பழம் விற்கிறவளிடம், சின்ன வயசில் என்னவாக ஆகணும்னு நெனச்சீங்க என்று அவர் கேட்டதையும் அவள் சொன்னதையும் டைப் அடிக்கும்போது தையல்நாயகியின் விரல் சற்று நிற்கும். வீட்டில் அவர் கேட்டதெல்லாம் சாப்பாடு ஆயிடுச்சா, டைப் முடிஞ்சிடுச்சா என்பவைதான்.

அவள் வெள்ளளத்தில் இறங்கியபோது பார்த்த பக்கமெல்லாம் உப்பு அம்பாரங்கள் வெயிலில் கண்ணைக் குத்தின. பஸ் நிறுத்த நிழற்குடையில் வைத்திலிங்கம் நின்றிருந்தார். முகம் மெழுகு நிறமாக இருந்தது. உதட்டோரம் உப்பு பூத்திருந்தது. மூச்சு விடாததால் சட்டை அசையவில்லை. மற்றபடி ஊரிலிருந்து கிளம்பியபோது இருந்த மாதிரியே இருந்தார்.

"வாங்கம்மா," என்றார் அவளைப் பார்த்து. "எங்கேருந்து வர்றீங்க?"

"மாயவரம்," என்று சொல்லிவிட்டாள், வேறென்ன சொல்வது என்று தெரியாமல்.

"அட, நானும் அந்தப் பக்கந்தான். மாயவரத்துல எங்க?"

"மணிக்கூண்டுக்குப் பின்னாடி."

"வீட்டுக்காரர் என்ன பண்றாங்க?"

"ஊர் ஊராப் போயி எழுதுறாங்க."

"சரி," என்றார் வைத்திலிங்கம். தலையை லேசாகச் சாய்த்து, வாயைக் கொஞ்சமாகத் திறந்துகொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். "அவங்க ஊருக்குப் போயிட்டா, நீங்க என்னம்மா பண்ணுவீங்க?"

அந்த முகத்தை தையல்நாயகி அதுவரை பார்த்ததே இல்லை. இத்தனை ஊர்களும் பார்த்த முகம், கள்ளிப்பழக்காரி பார்த்த முகம், படகோட்டியும் கோயில் சமையல்காரரும் தங்கள் கதையைச் சொல்லச் சொல்ல எதிரில் இருந்த முகம் இதுதானா என்று நினைத்ததும் அவளுக்கு அழுகைக்குப் பதில் ஆத்திரம் வந்தது.

"செத்த பொறவா கேக்குறீங்க இத?"

"யாரும்மா செத்தது?" உண்மையாகவே பதறினார்.

"என் வீட்டுக்காரரு."

"அடப் பாவமே. எப்படி?"

"தூக்கத்துலயே."

"கடைசியா ஏதாவது சாப்பிட்டாரா?"

அது அவளுக்குத் தெரியவில்லை. கூட்டிப்போக வந்திருந்த சவரிமுத்துவின் பக்கம் திரும்பினாள். "ரெண்டு இட்லி," என்றார் சவரிமுத்து மெதுவாக. "சட்னி நல்லாருக்குன்னு சொன்னாக."

தையல்நாயகி புருஷனை ஊருக்குக் கூட்டிப்போகப் பார்த்தாள். கையைப் பிடித்தால் கை கிணற்றுக் கல் மாதிரி சில்லென்றிருந்தது. பஸ் படி வரைக்கும் சாதுவாக வந்து, அங்கே நின்று, கண்டக்டருக்கு எந்த ஊர், எத்தனை வருஷமாக இந்த ரூட், வீட்டுக்கு எப்போது போவார் என்று கேட்டுக்கொண்டே இருக்க, கண்டக்டரும் தன் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்க, வண்டி கிளம்பாமல் நின்றது. வாடகைக்குக் கார் பிடித்தாள். ஊர் எல்லை வந்ததும் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். "இன்னும் ஊரையே பாக்கலயேம்மா, அதுக்குள்ள எங்க போறது?" என்றார். ஒவ்வொரு காலையிலும் அவருக்கு அது புது ஊர். முந்தின நாள் பார்த்ததும் கேட்டதும் விடிந்ததும் அவரிடம் இருக்காது. நிழற்குடையில் வந்து நின்று, இது எந்த ஊருங்க என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். வேறு வழி தெரியாமல் தையல்நாயகி லாட்ஜில் அவர் அறைக்கு அடுத்த அறையில் தங்கினாள்.

செத்தவர் நடப்பதை வெள்ளளம் பெரிதுபடுத்தவில்லை. மீன் இங்கே கெடுவதில்லை, சுவர் இங்கே நிற்பதில்லை, உப்புக் காற்று வைக்க நினைத்ததை வைக்கும் என்று சொல்லிக்கொண்டார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து, அவரிடம் ஊர் பேர் விசாரிக்கப் போய், தன் ஊர் பேரைச் சொல்லி, தன் அண்ணன் தன்னோடு பேசாமல் போன கதையையும் சொல்லிவிட்டு, வழி கேட்பது குற்றமில்லை என்று திரும்பிப்போனார். கோயில் பூசாரியும், பள்ளிவாசல் ஹஜ்ரத்தும், சர்ச்சின் கோயில்பிள்ளையும் டீக்கடையில் உட்கார்ந்து யோசித்து, அவர் எதையும் சொல்லவில்லை, கேட்கத்தானே செய்கிறார், அதில் யாருக்கும் பாதகமில்லை என்று முடிவுக்கு வந்தார்கள். டீக்கடைக்காரர் முதலில் அவருக்கு டீ கொடுத்துப் பார்த்தார். தொண்டைக்குள் இறங்காமல் சட்டையெல்லாம் வழிந்ததால், அதற்குப் பிறகு வெறும் கிளாஸை மட்டும் கையில் கொடுத்தார். கையில் கிளாஸ் இருந்தால் பேச்சு நன்றாக நடந்தது.

முதலில் அவரிடம் உட்கார்ந்து பேசியது, அவர் சாவுக்குக் கையெழுத்துப் போட்ட டாக்டரம்மாதான். அவர் இறந்துவிட்டார் என்பதை இன்னொரு தரம் உறுதி செய்துகொள்ள வந்தவர், எந்தக் காலேஜ்ல படிச்சீங்க, இந்த ஊருக்கு மாத்தினப்ப எப்படிம்மா இருந்துச்சு என்று அவர் கேட்டதும் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்து, பேச்சு முடியும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அதைப் பார்த்தவர்கள் மறுநாள் வந்தார்கள். அவர் முகம் சுளிக்காமல் கேட்டார், இடையில் புத்தி சொல்லவில்லை, எழுதிக்கொள்ளவில்லை, விடிந்தால் மறந்துவிட்டார். உயிரோடிருக்கிற யாரிடமும் சொல்ல முடியாததை இவரிடம் சொல்லலாம் என்று ஊருக்குப் புரிந்தது. உப்பு வாருகிறவர்கள் சட்டியைக் கவிழ்த்துவிட்டு வந்தார்கள், லாரிக்காரர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு வந்தார்கள், பேசாமலே குடித்தனம் நடத்திய புருஷனும் பொண்டாட்டியும் தனித்தனியாக வந்து ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்லிவிட்டு ஒன்றாகத் திரும்பிப் போனார்கள், பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். பேரூராட்சித் தலைவர் முனியசாமி நிழற்குடைக்கு முன்னால் பந்தல் போட்டு, வரிசையில் நிற்கக் கயிறும் கட்டிவிட்டார்.

தினமும் முதல் ஆளாக வந்தவள் பாண்டியம்மாள். கால் பாதம் உப்பில் வெடித்து, உப்புப் பாத்திகளின் வெள்ளையில் கண்பார்வை பாதி போன உப்பளத்துக்காரி. புயல் வந்த வருஷம் கடல் வாய்க்காலில் ஏறியபோது அவளுடைய ஒரே மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அது ஊருக்கெல்லாம் தெரியும். ஊருக்கெல்லாம் தெரியும் என்பதாலேயே யாரும் அவளிடம் அதைப் பற்றிக் கேட்பதில்லை. அவள் வந்தால் பேச்சை மாற்றுவார்கள். வைத்திலிங்கத்துக்குத் தெரியாது.

"பிள்ளைங்க இருக்காங்களாம்மா?" என்று கேட்பார்.

"ஒரு பொண்ணுய்யா."

"பேரு என்னங்க?"

"அன்னமயிலு."

"அன்னமயில். நல்ல பேரு. யாரும்மா வச்சது?"

அவ்வளவுதான், பாண்டியம்மாள் சொல்ல ஆரம்பிப்பாள். மகள் எப்படி நடப்பாள், எந்தப் பாட்டைக் கேட்டால் வேலையை விட்டுவிட்டு நிற்பாள், அன்றைக்கு எந்தப் பாவாடை கட்டியிருந்தாள் எல்லாம். வைத்திலிங்கம் ஒவ்வொரு நாளும் முதல் தரம் கேட்பது போல, அவருக்கு அது முதல் தரமே என்பதால், கேட்பார். வாய்க்கால் இடம் வரும்போது ஒவ்வொரு நாளும் அவர் முகம் வெளிறும். அந்த முகம் வெளிறுவதைப் பார்த்துவிட்டுத்தான் பாண்டியம்மாள் அளத்துக்குப் போவாள்.

இதற்கிடையில் 'தென்திசை' ஆசிரியர் தையல்நாயகிக்குப் போன் செய்து, வருத்தம் சொல்லிவிட்டு, தொடரை நிறுத்த மனமில்லை என்றார். "சார்கிட்ட ஜனங்க சொல்றத அப்படியே டைப் பண்ணி அனுப்புங்கம்மா. வாசகர்கள் காத்துட்டிருக்காங்க."

"அவங்க வாசகர்களுக்குச் சொல்லலீங்க," என்றாள் தையல்நாயகி.

"எல்லாப் பயணக் கட்டுரையும் அப்படித்தானேம்மா," என்றார் ஆசிரியர், கெட்ட எண்ணமில்லாமல். அவளுக்கு அது உண்மை என்று பட்டதால் போனை வைத்தாள். இத்தனை வருஷமாகத் தான் டைப் அடித்ததெல்லாம் யார் யாரோ ஒரு முகத்தைப் பார்த்து நம்பிச் சொன்னவை என்பது அன்றைக்கு முழுதும் அவளை உறுத்தியது. அவர்கள் அந்தப் பத்திரிகையைப் பார்த்தார்களோ இல்லையோ. பார்த்திருந்தால் அடுத்து வந்த யாரிடமாவது வாய் திறந்தார்களோ இல்லையோ.

வாரங்கள் போயின. தினமும் எதிர்ப்பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த தையல்நாயகி, ஒரு நாள் எழுந்து போய் அந்தக் கயிற்றுக்குள் எல்லாரையும் போல நின்றாள். முன்னால் விடுகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றாள். அவள் முறை வந்ததும், வாங்கம்மா, எங்கேருந்து வர்றீங்க என்று ஆரம்பித்து, ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, பிள்ளைகள் இருக்கிறார்களா என்ற இடத்துக்கு அவர் வந்தார்.

"ஒரு பொண்ணு பொறந்தா," என்றாள் தையல்நாயகி. "கொஞ்ச நாள்தான் இருந்தா. மூச்சு விட முடியல அவளுக்கு."

"அப்போ வீட்டுக்காரர் எங்கம்மா இருந்தாரு?"

"மலைமேல. போன் இல்லாத ஊர்ல. எல்லாம் முடிஞ்ச பொறவுதான் வந்தாங்க. மலையில மழை பெய்யிறதப் பத்தி கேசட்டு கொண்டாந்திருந்தாங்க. வாரம் தவறிடும்னு நான் பச்ச உடம்போட உக்காந்து டைப் அடிச்சேன். ரொம்ப நல்லா வந்துச்சு அது. நெறைய பேரு பாராட்டுனாங்க."

"பாப்பாவை எங்க அடக்கம் பண்ணீங்க?"

"காவேரிக்கரையில. ஒரு வெள்ளத்துல அந்த மேடே போயிடுச்சு."

"பேரு வச்சீங்களா?"

அவள் ஒரு பேர் வைத்திருந்தாள். தொட்டிலில் குனிந்து காதில் சொன்னதோடு சரி, வேறு யாருக்கும் சொன்னதில்லை, சொல்லும்படி யாரும் கேட்டதும் இல்லை. "பூங்கோதை," என்றாள்.

"பூங்கோதை," என்றார் வைத்திலிங்கம், மெதுவாக, பேர் கலைந்துவிடாமல் வாங்கிக்கொள்கிறவரைப் போல. "யாரு மாதிரி இருந்தா?"

"உங்கள மாதிரி."

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "என்ன மாதிரியா? அப்ப காது பெருசா இருந்திருக்குமே."

"இருந்துச்சு," என்றாள் தையல்நாயகி. பந்தலில் நின்றவர்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, வெகுநேரம் அழுதாள். மறுநாள் காலையில் அவருக்குப் பூங்கோதையைத் தெரியவில்லை. அவள் மறுபடியும் வரிசையில் நின்று மறுபடியும் சொன்னாள். அதற்கடுத்த நாளும் நின்றாள். பாண்டியம்மாளுக்குப் பின்னால் அவள் நிற்பது வழக்கமாகிவிட்டது; அன்னமயிலும் பூங்கோதையும் ஒவ்வொரு காலையிலும் பிறந்து ஒவ்வொரு காலையிலும் செத்தார்கள்.

ஆனால் உப்பும் எல்லாவற்றையும் காப்பாற்றவில்லை. நடந்து நடந்து அவர் குதிகாலில் தோல் போய் எலும்பு தெரிந்தது. இமைகள் உப்பில் விறைத்து மூட மறுத்தன. ஒரு நாள் இடது காது கழன்று விழுந்தது. சவரிமுத்து பொறுக்கி எடுத்துத் துடைத்து, பிளாஸ்திரி போட்டு ஒட்டிப் பார்த்து, நிற்காமல் போகவே தன் சட்டைப் பையில் போட்டுவைத்தார். ஜனங்கள் வலது காதின் பக்கம் போய் நின்று பேசினார்கள். தாடை தளர்ந்து கேள்விகள் குழறின. என்ன கேட்கிறார் என்று தெரியாவிட்டாலும் தங்களிடம் எதைக் கேட்பார் என்று தெரிந்திருந்ததால் அவர்கள் பதில் சொன்னார்கள். கூட்டம் குறையவில்லை. நாளாக ஆக, அவர் இருக்கப்போவது கொஞ்ச காலம்தான் என்ற பயத்தில், கூட்டம் முண்டியது.

அப்படி முண்டிய ஒரு நாள் கயிறு அறுந்து, வைத்திலிங்கம் தரையில் விழுந்தார். தையல்நாயகி டீக்கடையிலிருந்து ஓடிவந்து ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனபோது, வெளியூர்க்காரர் ஒருவர் தரையில் குப்புறப் படுத்து, விழுந்துகிடந்தவரின் காதில் வாயை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே அழுதார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் தன் முறைக்காகத் தரையில் படுத்திருந்தார். வைத்திலிங்கம் திறந்த கண்ணோடு வானத்தைப் பார்த்தபடி, ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் முனியசாமி லாட்ஜுக்கு வந்தார். "பயப்படாதீகம்மா. நாற்காலியில வச்சுக் கட்டிட்டா விழமாட்டாக. தாடைக்கும் ஒரு கம்பி போட்டுத் தாங்கிப் புடிச்சிறலாம். தீர்மானம் போட்டாச்சு."

"அவங்க உக்காந்து கேட்டதே இல்லீங்க," என்றாள் தையல்நாயகி. "நின்னும் நடந்தும்தான் கேப்பாங்க. நாளைக்குக் காலையில சுடுகாட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

முனியசாமி தீர்மானக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவரும் சில காலைகளில் வரிசையில் நின்றவர்தான்.

செய்தி கேட்டு பாண்டியம்மாள் ஓடிவந்தாள். வாசலிலேயே விழுந்து தையல்நாயகியின் காலைப் பிடித்துக்கொண்டாள். "தாயி, கொண்டுபோயிராத. கட்டிப் போட்டாலும் பரவாயில்ல, பேசலன்னாலும் பரவாயில்ல. இருக்கட்டும் தாயி. ஒரு மனுசன் என் பிள்ள பேரக் கேட்டாரு. அவரும் போயிட்டா நான் யாருகிட்டப் போவேன்?"

தையல்நாயகி குனிந்து அவளைத் தூக்கி, பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் கேக்குறேன்க்கா," என்றாள். "ஒங்க பொண்ணு பேரு என்ன?"

பாண்டியம்மாள் மங்கின கண்ணால் அவளைப் பார்த்தாள்.

"ஒனக்குத்தான் தெரியுமே," என்றாள் பாண்டியம்மாள். கையை உருவிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலையில் நிழற்குடையில் நின்று, இது எந்த ஊர் என்று குழறியவரிடம், வெள்ளளம் என்றாள் தையல்நாயகி. "வெளியூர்க்காரங்க யாருக்கும் காட்டாத எடம் ஒண்ணு இருக்கு. வர்றீங்களா?"

அவர் முகம் மலர்ந்தது. வாழ்நாளெல்லாம் எல்லா ஊரிலும் அவர் காத்திருந்தது இந்த அழைப்புக்காகத்தான். அவள் முன்னால் நடக்க, அவர் எலும்பு தேயும் சத்தத்தோடு பின்னால் நடந்தார். மேளமில்லை. கடைகள் அடைத்திருந்தன, ஊர் ஜனம் சற்றுத் தள்ளிப் பின்னால் வந்தது. இது யார் வீடு என்று கேட்டார்; சொன்னாள். அந்தப் பாழ்வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டார், அதையும் சொன்னாள். அந்த ஊரில் அவளுக்குத் தெரியாத வீடு இப்போது இல்லை. புருஷனோடு ஊர் பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

சுடுகாடு அளங்களைத் தாண்டிக் கடலைப் பார்த்து இருந்தது. விறகு அடுக்கியிருந்தார்கள். பொம்பளை கொள்ளி வைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை.

"இங்க எல்லாரும் இதுமேலயா படுப்பாங்க?" என்றார் வைத்திலிங்கம். மற்றவர்களுக்கு அது வெறும் சத்தமாகக் கேட்டது. அவர் குரலைக் கேட்டுக் கேட்டு டைப் அடித்தவளுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"ஆமாங்க."

"நான் படுத்துப் பாக்கலாமா?"

"படுங்க."

சவரிமுத்து ஒரு பக்கம் தாங்க, அவர் ஏறிப் படுத்தார். பையைக் கழற்ற மறுத்து மார்பின் மேல் வைத்துக்கொண்டார். சவரிமுத்து சட்டைப் பையிலிருந்து காதை எடுத்து அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு விலகினார்.

"என்ன வெறகும்மா இது?"

"வேலிக்கருவ. இந்தப் பக்கம் வேறெதுவும் வெளையாது."

"நல்லா எரியுமா?"

"எரியும்."

"இதுக்கு அந்தப் பக்கம் எப்படிம்மா இருக்கும்?"

"எனக்கெங்க தெரியும்? நான் எங்க போனேன்?" என்றாள் தையல்நாயகி. கொள்ளியைக் கையில் எடுத்தாள். "நீங்கதான் போயிப் பாக்கணும்."

சரி என்பதாகத் தலையசைத்தார். அவள் தீ வைத்தாள். காய்ந்த விறகு உடனே பற்றிக்கொண்டு படபடவென்று பேச ஆரம்பித்தது. வைத்திலிங்கம் முகத்தைத் தீயின் பக்கம் திருப்பி, தலையை லேசாகச் சாய்த்து, வாயைக் கொஞ்சமாகத் திறந்துகொண்டு, அது சொல்வதைக் கேட்டார். முகம் இருக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு தையல்நாயகி பஸ் ஏற வந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், பேச்சில்லை. டாக்டரம்மா மாற்றல் கேட்டு எழுதிவிட்டதாகச் சவரிமுத்து சொன்னார். நிழற்குடையில் பாண்டியம்மாள் வெளுத்த சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, ஒரு மஞ்சள் பையோடு நின்றாள். தையல்நாயகியைப் பார்த்தும் பேசவில்லை. இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறி, ஆளுக்கொரு ஜன்னலோரமாக உட்கார்ந்தார்கள். எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்டதற்கு, "என்னயத் தெரியாத ஊரு எதுவும் இருக்காய்யா?" என்றாள் பாண்டியம்மாள். கண்டக்டர் அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

உச்சிவெயிலில் ஏதோ ஒரு பெரிய ஊரின் பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்கினாள். தையல்நாயகி ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். பாண்டியம்மாள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஜனங்கள் நடக்கிற வழியிலேயே நின்று, எதிரில் வருகிற ஒவ்வொரு முகமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் நின்றார், அவள் வாய் திறந்தது, அவர் செருப்பு வாரைச் சரி செய்துகொண்டு நடந்தார். டிரைவர் ஹாரன் அடித்து வண்டியைத் திருப்பினார்.